ஒண்ணேமுக்காலின் நடை

அந்த மூட்டையை அவிழ்த்தபோது கொட்டகையில் இருந்தவர்கள் ஐந்தே பேர். அக்கா. அவளுடைய அப்பா, ஊர் முழுக்க மேஸ்திரி என்று கூப்பிடுகிறவர். தம்பியின் மனைவி. ஒரு காது மட்டும் கேட்காத, பூட்ஸுக்கு ஆணி அடிக்கிற ஆணிக்காரர். ரயிலிலிருந்து மூட்டைகளை இறக்கிக்கொண்டு வரும் ராணுவ ஸ்டோர்காரர். இதிலும் ஸ்டோர்காரர் மூட்டையைப் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு உடனே போய்விட்டார். ஆகவே நான்கு பேர் என்றும் சொல்லலாம். தாங்களும் அங்கே இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்களை எண்ணினால் முப்பதுக்குக் குறையாது. அந்தக் கொட்டகையில் முப்பது பேர் நிற்க இடம் கிடையாது. முக்கியமாக, ரொட்டிக் கடைக்காரர் அங்கே இல்லவே இல்லை. அந்த நேரத்தில் அவர் தன் அடுப்பின் முன்னால் இருந்தார். அவர் மனைவியே அதைச் சொல்லியிருக்கிறாள்.

போர் தொடங்கி நான்காவது வருஷம் அது. ரயில் நிலையத்தின் பின்புறம் இருந்த தானியக் கிடங்கை ராணுவம் எடுத்துக்கொண்டு, சிப்பாய்களின் பூட்ஸ்களைப் பழுது பார்க்கும் கொட்டகையாக மாற்றி, மேஸ்திரியின் குடும்பத்தை அதில் உட்கார்த்தியிருந்தது. கெஞ்சி வாங்கிய வேலை அல்ல. ஊரில் நல்ல தையல் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துவிட்டு அதிகாரிகளே வாசலுக்கு வந்து அழைத்த வேலை.

நாளைக்கு நான்கு மூட்டை வரும். சில நாள் பத்து. மூட்டையில் கட்டிய சீட்டில் ஊர்ப் பெயர் இருக்காது. ராணுவ ரகசியம். ஓர் எண்ணும், பூட்ஸ்களைச் சேகரித்த தேதியும் மட்டும் இருக்கும். ஆனால் மண்ணுக்கு ரகசியம் காக்கத் தெரியாது. உலகத்தின் எந்த மூலையில் சண்டை நடந்தாலும் அந்த மூலையின் மண் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. மாவு போன்ற வெள்ளை மணல், உறைந்த ரத்தம் போன்ற செம்மண், காய்ந்த பிறகும் நாறும் கறுப்புச் சேறு, ஏதோ மலைக்காட்டின் ஊசியிலைகள், கடல் உப்பு. தையல் இடுக்குகளிலிருந்து இவற்றையெல்லாம் சுரண்டி ஆணிக்காரர் கொல்லைப்பக்கம் கொட்டுவார். முதல் மழைக்குப் பிறகு அங்கே செடிகள் முளைத்தன. ஊரில் யாரும் பார்த்திராத செடிகள். ஒன்றுக்கு முள் இலையின் அடியில் இருந்தது. இன்னொன்று சரியாக நண்பகலில் இலைகளை மூடிக்கொண்டது. எதைக் கண்டாலும் மேய்கிற ஆடுகள்கூட அவற்றை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போயின.

அக்காவுக்குப் பிரிக்கிற வேலை. ஒவ்வொரு பூட்ஸையும் எடுத்து, அடித்தோலை வெளிச்சத்தில் காட்டி, பிழைக்கும், பிழைக்காது என்று இரண்டு குவியலாகப் போட வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு ஜோடி. தேய்மானம் அவளுக்குக் கைரேகை மாதிரி. வலது தோளில் சுமை தூக்கினவன், பயத்தில் விரல் நுனியில் நடந்தவன், களைத்துப்போய்க் காலை இழுத்தவன் என்று எல்லாரையும் முகம் பார்க்காமலே அவளுக்குத் தெரியும். வயது நாற்பத்தொன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டு வந்தவர்கள் இருந்தார்கள், அவள்தான் தலையசைக்கவில்லை. அம்மா கண்ணை மூடிய பிறகு தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்.

தம்பிக்கு இடது கால் ஒரு விரற்கடை குட்டை. பிறவியிலேயே அப்படி. முழுசாக இரண்டு கால் இல்லை என்று தெரு அவனுக்கு ஒண்ணேமுக்கால் என்று பெயர் வைத்தது. அவன் அதற்கெல்லாம் முகம் சுளித்தவன் அல்ல. மிச்சக் காலை அக்கா பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறாள், வேண்டும்போது வாங்கிக்கொள்வேன் என்பான். மேஸ்திரி அவனுடைய இடது பூட்ஸுக்குள் ஒரு தோலைக் கூடுதலாக வைத்துத் தைத்துக் கொடுப்பார். அப்படியும் நடையில் தாளம் தப்பும். டக், டடக். டக், டடக். தேய்மானமும் அதே கணக்குத்தான்: இடது குதிகாலின் வெளி விளிம்பு பிறை போல வெட்டுப்படும், வலதில் கட்டைவிரலுக்கு உள்பக்கம் ஒரு குழி விழும்.

அந்தக் காலோடு ராணுவத்தில் எடுக்க மாட்டார்கள் என்று ஊர் சொன்னது. எடுத்தார்கள். துப்பாக்கி பிடிக்க அல்ல, ஊசி பிடிக்க. படைகளோடு கூடவே போய்க் கூடாரம் அடித்து, அங்கேயே பூட்ஸ் தைக்கும் பிரிவு ஒன்று இருந்தது. அதில் சேர்ந்து அவன் கப்பலேறினான்.

ஐந்து மாதம் முன்பு ஒரு தாள் வந்தது. எதிரி நெருங்கிவிட்டதால் படை ஓர் ஆற்றைக் கடந்து பின்வாங்கியது. அக்கரையில் ஆள் எண்ணிப் பார்த்தபோது அவன் இல்லை. "காணவில்லை. விசாரணை நடைபெறுகிறது." அவ்வளவுதான் அதில் இருந்தது. சண்டையின் முன்வரிசையில் நிற்கிறவன் காணாமல் போனால் வீட்டில் அழுவார்கள். பின்வரிசையில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பவன் காணாமல் போனால் ஊரில் சிரிப்பார்கள். ரொட்டிக் கடைக்காரர் தன் கடை வாசலில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "முழுசா ரெண்டு காலு இருந்தவன் நின்னு செத்தான். ஒண்ணேமுக்கால் ஓடிட்டான்." அவருடைய ஒரே மகன் போரின் முதல் வருஷத்திலேயே போய்விட்டான். ஆகவே யாரும் அவருக்கு எதிர்ப்பேச்சுப் பேசவில்லை.

ரயில் நிலைய வாசலில் ஒரு நினைவுக் கல் நிறுத்துவதென்று ஊர்ச் சபை முடிவு செய்திருந்தது. ஊரிலிருந்து போய்த் திரும்பாத பதினேழு பேரின் பெயர்கள் அதில் வரும். பதினெட்டாவது பெயர் விசாரணையின் முடிவைப் பொறுத்தது. கல்தச்சர் நியாயமான மனிதர். சுண்ணக்கட்டியால் கோடு போட்டபோதே ஒரு வரிக்கு இடம் விட்டு வைத்தார். மேஸ்திரி தினமும் காலையில் அந்த வெற்று வரியைத் தாண்டித்தான் கொட்டகைக்குப் போக வேண்டும். ஒரு நாளும் கழுத்தைத் திருப்பியதில்லை.

இந்த நிலையில்தான் அந்த மூட்டை அவிழ்க்கப்பட்டது. நல்ல வெயில் நேரம். நாற்பது ஐம்பது ஜோடிகளைப் பிரித்துப் போட்ட பிறகு அக்காவின் கையில் ஓர் ஏழாம் நம்பர் பூட்ஸ் வந்தது. அடியைத் திருப்பினாள். இடது குதிகாலில் பிறை. வலதை எடுத்துப் பார்த்தாள். கட்டைவிரலுக்கு உள்பக்கம் குழி.

தம்பியின் அளவும் ஏழாம் நம்பர்தான்.

மூட்டையின் சீட்டைப் பார்த்தாள். அவன் காணாமல் போன தேதிக்கு நாற்பது நாள் கழித்துச் சேகரித்தவை. முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம். அதை மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. உயிரோடு இருக்கிறான், எங்கோ நடந்துகொண்டிருக்கிறான். அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்தான் இருந்தது. அடுத்த மூச்சில் அதன் அர்த்தம் புரிந்தது. உயிரோடு இருப்பவன் ஏன் ஆள் எண்ணும்போது இல்லை? வேறொரு நாட்டில் அவன் நடந்துகொண்டிருக்கிறான் என்றால் அது ஓடிப்போனவனின் நடை. இந்தப் பூட்ஸ் ஒரு சாட்சி. இது விசாரணைக்காரர்கள் கையில் கிடைத்தால் கல்லில் அந்த வரி என்றைக்கும் வெற்றாகவே இருக்கும்.

அவள் இடுக்கியை எடுத்தாள். குதியையும் அடித்தோலையும் ஒரே இழுப்பில் பிய்த்து, மெழுகு உருக்குகிற அடுப்புக்குள் தள்ளினாள். தோல் சுருங்கிக் கருகியது. மேஸ்திரி தன் இடத்திலிருந்து தலை தூக்காமல் என்ன நாற்றம் என்று கேட்டார். பிழைக்காத தோல் அப்பா என்றாள். அப்பாவிடம் அவள் சொன்ன முதல் பொய் அது.

மறுவாரம் வேறொரு மூட்டையை அவிழ்த்தாள். வேறு எண், வேறு மண். இந்த முறை ஊசியிலைகள். அதில் எட்டாம் நம்பர் ஜோடி ஒன்று. இடதில் பிறை, வலதில் குழி. பெரிய அளவு கிடைத்ததைப் போட்டுக்கொண்டிருப்பான் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு அதையும் அடுப்பில் போட்டாள். மூன்றாவது ஜோடி வெள்ளை மணலோடு வந்தது. அது பதினொன்றாம் நம்பர்.

அந்த ஜோடியை மடியில் வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தம்பி இரண்டு காலையும் சேர்த்து ஒரே பூட்ஸுக்குள் விட்டாலும் மிச்சம் இருக்கும் அளவு. மணலோ காட்டிலிருந்து கப்பலில் ஒரு மாதப் பயணத் தொலைவு. சீட்டுகளின் தேதிகளுக்கு நடுவே மூன்றே நாள் இடைவெளி. உயிரோடு இருக்கும் ஒருவன் அப்படி நடக்க முடியாது. அது ஓடிப்போனவனின் நடை அல்ல. செத்தவனின் நடை. அதுவும் கிடைத்த காலில் எல்லாம் ஏறிக்கொண்டு நடக்கிற நடை.

ஆனாலும் எரித்தாள். வேறு என்ன செய்வாள்? உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்தாலும் மானம் போகும். செத்தும் அலைகிறான் என்று தெரிந்தாலும் ரொட்டிக் கடைக்காரருக்கு ஒரு வருஷத்துக்குப் பேச்சு கிடைக்கும். நான்கு, ஐந்து, ஆறு. மண் மட்டும் மாறியது, தேய்மானம் மாறவில்லை. ஏழாவது ஜோடியை உடனே எரிக்க முடியவில்லை, அப்பா பக்கத்தில் இருந்தார். அதைச் சுவரோர அலமாரியில் நூறு ஜோடிகளுக்கு நடுவே வைத்தாள். சாயங்கால வெயில் ஜன்னல் வழியே விழுந்தபோது மற்ற நூறு ஜோடிகளும் நேராக நின்றன. அந்த ஒன்று மட்டும் இடப்பக்கம் சாய்ந்து, அடுத்த அடிக்குத் தயாராக நின்றது.

அன்றுதான் தம்பியின் மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பேசினாள். அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. ரெண்டு நாளா மத்தியானத்துல ஸ்டேஷன் பக்கம் அவரு நடக்கிற சத்தம் கேக்குது."

"வெயில்ல எல்லாச் சத்தமும் அப்படித்தான் கேக்கும். தையி."

"ஒருத்தரு நடக்கிற மாதிரி இல்ல அண்ணி. நெறையப் பேரு அவரு மாதிரியே நடக்கிறாங்க."

அக்கா அப்பா எழுந்து போகும்வரை காத்திருந்தாள். ஏழாவது ஜோடியும் அடுப்புக்குள் போயிற்று.

மறுநாள் மத்தியானம் அந்தச் சத்தத்தை அக்காவே கேட்டாள். வேறொரு போர்முனைக்கு மாற்றப்பட்ட படை ஒன்று ஊரில் ரயில் மாறி, பள்ளிக்கூட மைதானத்து முகாமில் சில நாள் தங்குவதாகப் பேச்சு இருந்தது. அந்தப் படைதான் பகுதி பகுதியாக, மூன்றாம் நாளாகப் பிளாட்பாரத்திலிருந்து வரிசையாக வந்துகொண்டிருந்தது. கொட்டகை வாசலில் நின்று பார்த்தாள். பல நாட்டுக்காரர்கள், பல நிறம், பல உயரம். யாரும் பேசவில்லை. நூறு கால்கள் ஒரே தாளத்தில் தரையில் விழுந்தன. அந்தத் தாளத்துக்கு அடியில் இன்னொரு தாளம் இருந்தது. டக், டடக். நெட்டையான ஒருவன் இடது பக்கம் லேசாகச் சாய்ந்து போனான். அவனுக்கு நான்கு வரிசை பின்னால் ஒரு குண்டு ஆள், அதே சாய்வு. அப்புறம் மீசை நரைத்த ஒருவர். அப்புறம் இன்னும் முகத்தில் பால்வடியும் ஒருவன். ஒருவர் முகம் மற்றவரைப் போல இல்லை. நடை மட்டும் ஒரே நடை. இருபத்தெட்டு வருஷம் அவள் வாசல்படியில் உட்கார்ந்து கேட்ட நடை, பகல் வெளிச்சத்தில், வேறு வேறு ஆட்களின் கால்களில் ஏறிக்கொண்டு அவளைக் கடந்து போனது.

பயந்தவர்கள் கதவைச் சாத்துவார்கள். அவள் மேஸ்திரி வீட்டுப் பெண். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசையின் கடைசி ஆளைக் கைதட்டி நிறுத்தினாள். அவன் ராணுவ லாரி ஓட்டுகிறவன், இந்தப் பக்கத்துப் பேச்சுக்காரன். தோளில் எண்ணெய்க் கறை. நொண்டியபடியே திரும்பினான்.

"உங்க கால்ல என்ன?" என்று கேட்டாள்.

"கால்ல ஒண்ணும் இல்லக்கா. பூட்ஸ்லதான். கழட்டினா நேரா நடப்பேன்." அவன் சிரித்தான். "ஆத்தங்கரையில ஒரு குட்டையான ஆளு தைச்சுக் குடுத்தாரு. அவரு கைபட்ட பூட்ஸைப் போட்ட எல்லாரும் இப்படித்தான். எங்களுக்குள்ள நொண்டிப் படைன்னே பேரு. ஆனா ஒண்ணு சொல்றேன், இன்னைக்கு வரைக்கும் ஒரு தையல் விடல."

அக்கா அவனைக் கையைப் பிடிக்காத குறையாகக் கொட்டகைக்குள் அழைத்து வந்தாள். மேஸ்திரியின் எதிரே முக்காலியில் உட்கார வைத்தாள். அவன் சொன்னதை எல்லாரும் கேட்டார்கள். ஆணிக்காரரும் கேட்கிற காதைத் திருப்பிக்கொண்டு கேட்டார்.

பின்வாங்கும் உத்தரவு வந்ததும் பூட்ஸ் தைக்கிற பிரிவு முதல் நாளே ஆற்றைக் கடந்துவிட்டது. மறுநாள் இவன் கடைசி லாரிகளில் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தபோது கூடாரம் இருந்த இடத்தில் கூடாரம் இல்லை. ஒரு பெட்டி, ஒரு குவியல் பூட்ஸ், ஒரே ஓர் ஆள். சண்டை முடித்து நடந்து வருகிறவர்கள் இன்னும் பின்னால் இருந்தார்கள். அவர்களுடைய பூட்ஸ்கள் பழுதுக்கு வந்து இங்கே கிடந்தன. ஆற்றுப் படுகை முழுக்கக் கூர்ங்கல். இவன் லாரியை நிறுத்தி ஏறச் சொன்னான்.

"என்ன சொன்னாருன்னா," என்று லாரிக்காரன் மேஸ்திரியைப் பார்த்துச் சொன்னான், "இன்னும் அறுபது ஜோடி இருக்கு, வெறுங்காலோட வர்றவங்க எப்படித் தாண்டுவாங்க, நீங்க போங்கன்னாரு. என் பூட்ஸ் வாயைப் பொளந்துட்டு இருந்துச்சு. அதைப் பார்த்துட்டு, கழட்டிக் குடுங்கன்னு வாங்கி, அங்கேயே தைச்சு, அவரே கால்ல மாட்டிக்கிட்டுப் பன்னிரண்டு அடி நடந்தாரு. சத்தமா எண்ணிக்கிட்டே. ஏதோ ஒண்ணு சரியில்லைன்னு திரும்ப உக்காந்து இடது குதியில ஒரு தோல் வச்சு அடிச்சாரு. மறுபடியும் நடந்தாரு. இப்ப நேரா இருக்குன்னு குடுத்தாரு."

மேஸ்திரியின் கையிலிருந்த உளி மடியில் நழுவி விழுந்தது.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. தைத்து முடித்த ஜோடியைத் தைத்தவனே போட்டுப் பன்னிரண்டு அடி நடந்து பார்க்க வேண்டும். தன் காலில் நேராக இருக்கும்வரை அது வாசல் தாண்டக் கூடாது. கொட்டகையில் நாளைக்கு முந்நூறு ஜோடி என்றானதும் அந்த வழக்கத்தைக் கைவிட்டிருந்தார்கள். மேஸ்திரிக்கு அதில் உள்ளூர வெட்கம். ஆனால் அவர் வேறொன்றையும் செய்திருந்தார்.

"நான் அவனை ஒரு நாளும் நடக்க விட்டதில்லை," என்றார் மேஸ்திரி. குரல் நடுங்கவில்லை, அவர் குரல் நடுங்குகிற ஆள் அல்ல. "அவன் தைச்சதுக்கெல்லாம் நான்தான் நடந்து பார்ப்பேன். உன் காலுக்கு நேரா இருந்தா ஊருக்குக் கோணலா இருக்கும்டான்னு சொல்லுவேன். அங்க போய் என்னைக் கேக்காம நடந்திருக்கான்."

பிறகு, "வழக்கத்தை நாமதான் விட்டோம். அவன் விடலை," என்றார்.

அக்கா எழுந்து லாரிக்காரனின் இடது பூட்ஸைக் கழற்றித் தரச் சொன்னாள். அடியைத் திருப்பினாள். குதி பிறையாகத் தேய்ந்திருந்தது. விரல் பக்கமும் தேய்ந்திருந்தது. ஆனால் பாதத்தின் வளைவு தரையில் படாது. அங்கே குத்தியது அழியாது. பிரிவின் எண்ணும் தைத்த தேதியும் முத்திரையாகத் தெளிவாக இருந்தன. பின்வாங்கியதற்கு மறுநாள் தேதி.

அந்தத் தேதியை அவள் இரண்டு முறை படித்தாள். ஓடிப்போனவன் மறுநாள் உட்கார்ந்து முத்திரை குத்திக்கொண்டிருக்க மாட்டான். இதே முத்திரை ஏழு ஜோடிகளில் இருந்திருக்கும். அவள் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. தேய்மானத்தைப் படித்தாள். அது அவளுக்கு நன்றாக வரும் என்கிற கர்வத்தில் வேறு எதையும் படிக்கவில்லை. தம்பியின் மானத்தைக் காப்பதாக நினைத்துக்கொண்டு அவனுடைய ஏழு சாட்சிகளைத் தன் கையாலேயே அடுப்பில் போட்டிருந்தாள்.

அப்பாவிடம் அதைச் சொன்னாள். எல்லார் முன்னாலும் சொன்னாள். "ஏழு ஜோடிப்பா. பிழைக்காத தோல்னு பொய் சொன்னேன். நான்தான் எரிச்சேன்." மேஸ்திரி, நாற்றம் அன்றைக்கே தெரிந்தது, பிழைக்காத தோல் அப்படி நாறாது என்று மட்டும் சொன்னார்.

இரண்டு நாளில் விசாரணை அதிகாரி ஊருக்கு வருவதாக இருந்தது. ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு அவர் என்ன நம்புவார்? முத்திரையில் தேதி தவறாக விழுந்திருக்கும் என்று ஒதுக்கிவிடலாம். அக்கா அன்று மாலையே, வெயில் தணிவதற்குள், முகாமுக்குப் போனாள். தம்பியின் மனைவியும் கூடப் போனாள். மைதானத்தில் ஆட்கள் கும்பல் கும்பலாக உட்கார்ந்திருந்தார்கள். லாரிக்காரன் நொண்டிப் படையை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து வரிசையில் உட்கார்த்தினான். பதினான்கு பேர். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியவில்லை. அவர்களுக்கு அவள் சொல்வது புரியவில்லை. ஆனால் அவள் மண்டியிட்டு உட்கார்ந்து பூட்ஸைத் தொட்டதும் பதினான்கு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு இடது காலை நீட்டினார்கள்.

அவள் ஒவ்வொரு பாதமாகப் படித்தாள். தம்பியின் மனைவி தேதிகளை எழுதினாள். மறுநாள் தேதி ஒன்பது. அதற்கும் மறுநாள் தேதி நான்கு. கடைசி ஆள் மீசை நரைத்தவர். அவருடைய பூட்ஸில் மூன்றாம் நாள் தேதி இருந்தது. அவர் சைகையில் சொன்னார்: வெறுங்காலோடு வந்தோம், பூட்ஸ்கள் ஜோடி ஜோடியாகக் கரையில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன, ஆளைக் காணோம். எண்ணிப் பார்த்தார்களாம். அறுபதும் இருந்தன. வரிசைக்கு முன்னால், ஈர மண்ணில், கரை நெடுகப் பன்னிரண்டு பன்னிரண்டாகக் காலடிகள். கடைசிப் பன்னிரண்டும் ஆற்றைப் பார்த்துப் போயின. திரும்பி வந்த அடிகள் இல்லை. பாலத்தை அதற்கு முன்பே உடைத்துவிட்டிருந்தார்கள்.

அதை விளங்கிக்கொண்டதும் தம்பியின் மனைவி பென்சிலைக் கீழே வைத்தாள். பிறகு அந்தத் தேதியையும் எழுதினாள்.

விசாரணை பள்ளிக்கூட அறை ஒன்றில் நடந்தது. அதிகாரி தாளைப் படித்தார், பதினைந்து பூட்ஸ்களையும் மேஜை மேல் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். வேறு சாட்சி உண்டா என்று கேட்டார். அக்கா நிமிர்ந்து நின்று ஏழு ஜோடியின் கதையையும் சொன்னாள். மறைத்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு பொய்யின் மேல் நிற்கிற பெயர் கல்லில் இருந்தாலும் பெயர் அல்ல. அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். கடமையில் இருக்கும்போது மறைந்தவர் என்று முடிவு எழுதிக் கையெழுத்திட்டார். கல்தச்சர் அந்த வாரமே பதினெட்டாவது வரியை வெட்டினார்.

பதினைந்து பேருக்கும் மேஸ்திரி புது அடித்தோல் வைத்துக் கொடுத்தார். கைவிட்ட வழக்கத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் போட்டுப் பன்னிரண்டு அடி நடந்தார். அவர் காலுக்கு நேராக இருந்தது. ஆனால் லாரிக்காரன் அதைப் போட்டுக்கொண்டு பிளாட்பாரத்தில் நடந்தபோது டக், டடக் என்றுதான் கேட்டது. பழகிப்போச்சுக்கா, இனிமேல் காலே இப்படித்தான் என்று சிரித்துக்கொண்டே ரயிலேறினான்.

அடுத்த வருஷம் போர் முடிந்தது. கொட்டகையைக் காலி செய்யச் சொன்ன பிறகும் ஒரு கடைசி மூட்டை வந்தது. சீட்டில் எண் இல்லை, தேதி இல்லை. உள்ளே ஒரே ஒரு ஜோடி. ஏழாம் நம்பர். இடது பூட்ஸுக்குள் கூடுதலாக ஒரு தோல். அதில் மேஸ்திரியின் கைத் தையல். அதைப் பற்றிச் சந்தேகப்பட இடமில்லை. ஆற்றங்கரையில் யாரோ எடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் அடித்தோல் காகிதம் போலத் தேய்ந்திருந்தது. எத்தனையோ வருஷம் நடந்த தேய்மானம். தையல் இடுக்கை ஆணிக்காரர் சுரண்டினார். வெள்ளை மணல் விழுந்தது. அதன் கீழே செம்மண், அதன் கீழே கறுப்புச் சேறு, ஊசியிலை, உப்பு. அவன் போயிராத நாடுகளின் மண் எல்லாம் அடுக்கடுக்காக இருந்தது. ஆணிக்காரர் கையை எடுத்துக்கொண்டார்.

அக்கா அவற்றுக்கு அடித்தோல் வைக்கவில்லை. மண்ணைத் துடைக்கவும் இல்லை. இரண்டு நாடா முனைகளையும் முடிந்து, தம்பியின் மனைவியின் கையில் கொடுத்தாள். அவள் அதை வாசல் கதவுக்குப் பக்கத்தில், உள்ளே வருகிறவன் கழற்றி வைக்கிற இடத்தில் வைத்தாள். முனை வீட்டைப் பார்த்தபடி. அது இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

ஒண்ணேமுக்கால் சாகவில்லை, ஓடிப்போய்க் கடலுக்கு அப்பால் வேறு பெயரில் கடை வைத்திருக்கிறான், பழைய பூட்ஸை அவனே அனுப்பி வைத்தான் என்று ரொட்டிக் கடைப் பக்கம் இப்போதும் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். அவன் ஓடவில்லை. அந்தக் காலை வைத்துக்கொண்டு அவனுக்கு ஓட வராது.